பெட்டி கட்டுமுன்: மலேசியக் கேள்விகள்

மலேசியப் பயணம் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் இரண்டே வரி போட்டார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டத்திலிருந்தும் ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. மாவட்டத்தை எத்தனையாகப் பிரித்தாலும் வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சந்தேகம் மட்டும் ஒன்றுபோலத்தான் வருகிறது. என்னைத் தெரியாதவர்களுக்கு: காட்பாடியில் ஒரு பயண அலுவலகத்தில் 26 ஆண்டுகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். என் நாத்தனார் மலேசியாவின் கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவர். அந்த உறவின் தயவில் எட்டு முறை போய் வந்திருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

இந்தியர்களுக்கு மலேசியாவில் விசா வேண்டாம் என்கிறார்களே அக்கா, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்தால் போதுமா? (குடியாத்தம் வாசகி)

விசா வேண்டாம் என்பது உண்மை. 2023 டிசம்பர் 1 முதல் நம் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறார்கள். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் 'விசா வேண்டாம்' என்றால் 'ஒன்றுமே வேண்டாம்' என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முழு முகவரி, செலவுக்கான பணம் ஆகிய மூன்றையும் இமிக்ரேஷன் மேசையில் கேட்பார்கள். "மச்சான் வீட்டில் தங்குவேன்" என்றால் மச்சான் வீட்டுக் கதவு எண், தெரு, ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு எல்லாம் ஒரு தாளில் இருக்க வேண்டும். கைபேசியில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். நாலு மணி நேரம் பறந்து இறங்கும்போது அது செத்துக் கிடக்கும்.

இன்னொன்று, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய மின் வருகை அட்டை. மலேசிய இமிக்ரேஷன் துறையின் சொந்தத் தளத்திலேயே நிரப்பலாம். ஒரு காசு கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளத்தில் நீங்கள் இருந்தால் தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லை என்றும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. புறப்படும் நாளில் விமான நிலையத்துக்கு வாடகைக் கார் வைத்து வழியனுப்பப் பத்துப் பேரைக் கூட்டிப் போவது உங்கள் விருப்பம். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ விமான நிலையத்தின் வாசலிலேயே விட்டுவிடும்.

என் தம்பியைச் சுற்றுலாப் பயணியாக அனுப்பி, அங்கே போனதும் ஓட்டல் வேலைக்கு பர்மிட் மாற்றித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார். நம்பலாமா? (ஆம்பூர் அருகிலிருந்து ஒரு வாசகர்)

நம்பாதீர்கள். இந்த ஒரு பதிலை மட்டும் வெட்டி எடுத்து ஊர் டீக்கடையில் ஒட்டிவையுங்கள்.

சுற்றிப் பார்க்கக் கொடுக்கும் அனுமதியில் அங்கே வேலை செய்வது குற்றம். 30 நாள் முடிந்தும் தங்கினால் அவர்கள் சட்டத்தில் பத்தாயிரம் ரிங்கிட் அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் இருக்கின்றன. திருட்டுத்தனமாக நாட்டுக்குள் நுழைந்தவர்களுக்குப் பிரம்படியும் உண்டு. பேச்சுக்குச் சொல்லவில்லை, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

முறையான வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று குறித்திருப்பார்கள். அந்த அனுமதி பெற்றுத்தான் வேலைக்குப் போக வேண்டும் என்று நம் அரசு பட்டியலிட்ட 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. முதலாளி அங்கே ஒதுக்கீடு பெற்று, வேலைக்கான விசா வந்து, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவாகி, அதற்குப் பிறகுதான் விமானம். ஏஜென்ட்டிடம் பதிவு எண் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் கேட்டவுடனே அவருக்குக் கோபம் வந்தால் உங்கள் பணம் பிழைத்தது என்று மகிழுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இப்படித்தான் போனான். அவன் அம்மா என் மேசைக்கு வந்து போகிற டிக்கெட்டை மட்டும் கேட்டார். "திரும்புகிற டிக்கெட்?" என்றேன். "அது எதற்கு, ரெண்டு வருஷம் இருப்பான்" என்றார். நான் எடுத்துச் சொன்னேன். அவர் எதிர் வரிசையில் இருந்த கடைக்குப் போய் வாங்கிக்கொண்டார். பதினோரு மாதம் கழித்துப் பையன் வந்தான். போனபோது இருந்த உடம்பில் பாதிதான் இருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஏஜென்ட் இன்றும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்.

தங்கைக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் என்றால் உயிர். இரண்டு கிலோ கொண்டு போகலாமா? ஆம்பூர் பிரியாணி? (அணைக்கட்டு வாசகி)

அம்மா, 2023-இல் அந்தக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் மலேசிய விமான நிலையத்தில் அது வெறும் கத்தரிக்காய்தான். பச்சைக் காய்கறி, பழம், விதை, செடி எதுவானாலும் அவர்களுடைய இறக்குமதி அனுமதியும் இங்கிருந்து தாவர நலச் சான்றும் வேண்டும். இறைச்சிக்கும் அப்படியே. எனவே பிரியாணியை ஆம்பூரிலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஊறுகாய் வேண்டுமானால் கடையில் மூடி முத்திரையிட்ட பாட்டிலாக வாங்குங்கள். என் முதல் பயணத்தில், 1997-இல், வீட்டு மாங்காய் ஊறுகாயைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் துணி கட்டி எடுத்துப் போனேன். கோலாலம்பூரின் பழைய சுபாங் விமான நிலையத்தில் பெட்டி சுற்றி வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. நாத்தனாருக்கு எடுத்த பட்டுச்சேலையில் இன்றைக்கும் அந்த எண்ணெய்த் திட்டு இருக்கிறது. குடும்பத்தில் எந்தச் சண்டை வந்தாலும் அந்தச் சேலை வெளியே வரும். ஆற்காடு மக்கன் பேடாவை இரண்டு முறை கொண்டுபோனேன். கேட்டபோது மறைக்காமல் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மறைத்தால்தான் தொல்லை.

கத்தரிக்காயை விடப் பெரிய விஷயம், பிறர் கொடுக்கும் பொட்டலம். "பக்கத்து வீட்டுப் பையன்தான், இதை அவன் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். பிரித்துப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை என்று இருந்ததை 2023-இல் மாற்றினார்கள். கட்டாயம் என்ற சொல்தான் போயிற்று, தண்டனை போகவில்லை. நீதிபதி விரும்பினால் இன்றும் கொடுக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைச் சீட்டு என்றால் அங்கே பலருக்குத் தெரிந்தே இருக்கிறது.

எனக்கு 67 வயது. மூட்டு வலி உண்டு. பத்துமலைப் படி ஏற முடியுமா? தைப்பூசத்துக்கே போனால் விசேஷமா? (வள்ளிமலையிலிருந்து ஒரு பெரியவர்)

வள்ளி பிறந்த ஊரிலிருந்து முருகனைப் பார்க்கப் போகிறீர்கள் ஐயா, மாப்பிள்ளை வீட்டில் மரியாதை கிடைக்கும்.

படிகள் 272. சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளோடு ஒப்பிட்டால் கால்வாசி கூட இல்லை. ஆனால் செங்குத்து. ரோப் கார் வந்த பிறகு சோளிங்கரில் நமக்கு ஏறுகிற பழக்கமே விட்டுப்போயிற்று. காலை ஏழு மணிக்கு அடியில் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் படியும் சுடும், கூட்டமும் முட்டும். நடுவில் நிற்பதற்கு இடம் இருக்கிறது. முடியாவிட்டால் கீழேயே நின்று அண்ணாந்து கும்பிடுங்கள். 2006-இல் எழுந்த அந்த முருகன் சிலை 140 அடி உயரம். உலகிலேயே உயரமான முருகன் என்று நெடுநாள் பேர் வாங்கியிருந்தது. 2022-இல் நம் சேலத்துக்காரர்கள் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடிக்கு ஒன்றை எழுப்பி அந்தப் பேரைப் பறித்துக்கொண்டார்கள். கிள்ளானில் இதைச் சொன்னால் சற்று முகம் வாடுவார்கள், எனவே சொல்லாதீர்கள்.

குரங்குகள் உண்டு. நம் ஊர்க் குரங்கை விடச் சிறியவை, வால் நீளம், கூச்சம் அறவே கிடையாது. தேங்காய் மூடி, வாழைப்பழம், மூக்குக்கண்ணாடி எல்லாம் பையின் அடியில் இருக்கட்டும். முழங்கால் தெரிய உடுத்தி வரும் பெண்களை அப்படியே மேலே விடுவதில்லை. சுற்றிக்கொள்ள அடிவாரத்தில் துணி வாடகைக்குக் கிடைக்கும்.

போவது எளிது. கோலாலம்பூரின் நடு நிலையமான கே.எல். சென்ட்ரலில் கே.டி.எம். கொம்யூட்டர் ரயில் ஏறினால் கடைசி நிறுத்தத்தின் பெயரே பத்து கேவ்ஸ். நிலையத்திலிருந்து கோயில் நடக்கும் தூரம்தான். டாக்சி வேண்டவே வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் போகலாமா என்றால், நமக்கு ஆடிக் கிருத்திகை எப்படியோ அவர்களுக்குத் தைப்பூசம் அதைவிடப் பல மடங்கு. 1892 முதல் நடக்கிறது. நகருக்குள் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்பட்டு, சுமார் 15 கிலோமீட்டர் நடந்து பத்துமலை சேரும். பல லட்சம் பேர். சீனர்கள் காவடி எடுப்பதையும் அலகு குத்துவதையும் பார்ப்பீர்கள். ரதம் வரும் வழியில் அவர்கள் தேங்காய் உடைப்பதைப் பார்த்தால் நமக்கே கை கூசும். குவியல் குவியலாக உடைப்பார்கள். ஆனால் உங்கள் மூட்டு வலியை நினைத்துச் சொல்கிறேன், அன்றைக்குப் போகாதீர்கள். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்போ பின்போ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். முருகனோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

சார்ஜர் அங்கே செருகுமா? (காட்பாடி மாணவர்)

செருகாது. சதுரப் பட்டை மூன்று கால் பிளக். மாற்றி ஒன்று இங்கேயே வாங்கிப்போங்கள்.

நாங்கள் வெங்காயம், பூண்டு கூட விலக்கியவர்கள். பத்து நாள் பட்டினியா? (சோளிங்கர் வாசகி)

பட்டினி இல்லை, ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்டில் மீன் என்பது மீன் உருவத்தில் மட்டும் வருவதில்லை. 'பெலாச்சான்' என்று இறாலை அரைத்துக் காயவைத்த ஒரு கட்டி உண்டு. கீரை வதக்கலில் கூட அது விழும். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறுதான், பார்க்கச் சாதுவாக இருக்கும். ஓரத்தில் வைத்திருக்கும் சம்பலில் நெத்திலி உட்கார்ந்திருக்கும். "இது சைவமா?" என்று கேட்டால் கோழி இல்லை என்பதையே சைவம் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். எனவே பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: ஆயாம் என்றால் கோழி, ஈக்கான் மீன், உடாங் இறால், டாகிங் இறைச்சி, தெலோர் முட்டை. முன்னால் "தாக் மாவ்" சேர்த்தால் "வேண்டாம்". இவ்வளவு மலாய் போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போனால் வாழையிலைச் சாப்பாடு, தோசை, இட்லி எல்லாம் கிடைக்கும். ஆனால் வெங்காயம் இல்லாத சாம்பார் அங்கும் இல்லை. உங்களுக்கு உண்மையில் பொருத்தமான இடம் நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத சீனர் கடை. பௌத்தச் சீனர்கள் நடத்தும் சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டு இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள். பலகையில் 素 என்ற எழுத்து இருக்கும். அதைக் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் 'கோழி', 'மீன்', 'வாத்து' என்று பெயர் எழுதியிருப்பார்கள், பதறி எழுந்து ஓடாதீர்கள். எல்லாம் சோயாவும் காளானும் கோதுமைப் பசையும் செய்கிற வேஷம். என் மாமியாரை ஒருமுறை கூட்டிப்போனேன். சுவை பிடித்திருந்தது. அந்த 'மீனின்' தோலைப் பார்த்துத்தான் சாப்பிட மறுத்துவிட்டார்.

டீ குடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தே தாரிக் என்பது கெட்டிப்பால் ஊற்றி உயர இழுத்து ஆற்றிய டீ. பாயசத்துக்குத் தங்கை. "கூராங் மானிஸ்" என்றால் சர்க்கரை குறைப்பார்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாதவர்கள் "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள்.

அங்கே தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா? பல இனத்தவர் இருக்கும் இடத்தில் எப்படி நடந்துகொள்வது? (மேல்விஷாரம் வாசகர்)

நல்ல கேள்வி அண்ணா. நம் ஆட்கள் அதிகமாகத் தவறுகிற இடமும் இதுதான். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தமிழ் காதில் விழும். வானொலியில் மின்னல் பண்பலை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அரசுத் தமிழ்ப் பள்ளிகள். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கூடியதே கோலாலம்பூரில்தான். இதையெல்லாம் பார்த்ததும் நமக்குச் சொந்த ஊர் போல் ஒரு மிதப்பு வந்துவிடும். ஆனால் இந்தியர்கள் அங்கே நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். மலாய்க்காரர்கள், சீனர்கள், சபா சரவாக்கின் கடசான், ஈபான் மக்கள் என்று மற்றவர்கள் அனைவரும் சேர்ந்த நாடு அது.

தமிழ் என்றாலும் நம் தமிழ் அல்ல. என் நாத்தனார் மகள் காலையில் "அத்தை, பசியாறியாச்சா?" என்பாள். சிற்றுண்டி முடிந்ததா என்று பொருள். ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். கார் 'காடி' ஆகும். மலாய்மொழியிலும் நம் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'காப்பல்', கட்டில் 'காத்தில்', கோயில் 'கூயில்'. பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள், பேருந்தில் பொழுது போகும். ஆங்கிலத்தில் காற்று என்று பொருள்படும் 'air' என்ற எழுத்துகள் அங்கே தண்ணீர். 'தண்டாஸ்' என்றால் கழிப்பறை. முதலில் கற்க வேண்டிய சொல் அதுதான்.

பழக்கங்கள்: கொடுப்பது, வாங்குவது வலக்கையால். ஒருவரை ஆள்காட்டி விரலால் சுட்டுவது அவமரியாதை. கையை மடக்கிக் கட்டைவிரலை மேலே வைத்துக் காட்டுவார்கள். வீட்டுக்குள் செருப்பு இல்லை. மலாய்ப் பெண்களிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். அவர்கள் நெஞ்சில் கை வைத்து வணங்கினால் நாமும் அப்படியே. சாப்பாட்டுக் கடைகளில் 2019 முதல் புகைபிடிக்கத் தடை. இனம், மதம், அரசர் பற்றி அரட்டை அடிக்காதீர்கள். ஒன்பது மாநில அரசர்கள் தங்களுக்குள் முறை வைத்து ஐந்தாண்டுக்கு ஒருவரை மாமன்னராகத் தேர்ந்தெடுக்கும் நாடு அது. அங்கே அரசர் பற்றிய பேச்சு நம் ஊர் அரசியல் பேச்சு போன்றது அல்ல.

ஹலால் பார்ப்பவர் என்றால் உங்களுக்கு அந்தக் கவலை அறவே இல்லை. பினாங்கு போங்கள். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின்ரயில், அங்கிருந்து படகு. ஜார்ஜ் டவுனில் ஒரே தெருவை ஒட்டி 1818-இல் கட்டிய தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், நம் தமிழ் முஸ்லிம்கள் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நான்கையும் அரை மணியில் நடந்து பார்க்கலாம். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரும் பள்ளிவாசலும் ஆங்கிலேயர் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அதிசயமாகத் தெரியாது. அங்கே நான்கிலும் பூசையும் தொழுகையும் தடையின்றி நடக்கின்றன. நம் கோட்டையில் அப்படிச் சொல்ல முடியாது, சரி, அது வேறு பேச்சு. ஒரு குறிப்பு: அந்தப் பள்ளிவாசலின் பெயரில் இருக்கும் 'கெலிங்' என்ற சொல் பழைய நாளில் தென்னிந்தியரைக் குறித்தது. இன்று அது வசைச்சொல். பெயராகச் சொல்லலாம், ஆளைப் பார்த்துச் சொல்லக்கூடாது. பசித்தால் பக்கத்திலேயே நாசி கண்டார் கடைகள். 'கண்டார்' என்பது காவடிபோலத் தோளில் தூக்கும் கம்பு. சோற்றையும் குழம்பையும் அப்படிச் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் வியாபாரம் அது.

எந்த மாதம் போகலாம்? (திருப்பத்தூர் வாசகர்)

அங்கே ஆண்டு முழுவதும் ஒரே பருவம். வெப்பமானி 32, 33-க்கு மேல் அதிகம் ஏறாது. "அட, நம் கத்திரியில் 42 பார்த்தவர்கள்" என்று நிமிர்ந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், இரண்டாம் நாள் சுருண்டு படுத்திருப்பார்கள். நம் வெயில் வறுக்கும், அந்த ஊர்ச் சூடு அவிக்கும். பருத்திச் சட்டை, குடை, கொசு மருந்து மூன்றும் அவசியம். டெங்கு உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் பெருமழை. தீவுகளில் விடுதிகளை மூடிவிடுவார்கள். கோலாலம்பூர், பினாங்கு இருக்கும் மேற்குக் கரைக்கு அந்தத் தடை இல்லை. பள்ளி விடுமுறை என்று மே மாதம் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், பிற்பகல் இடிமழையை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கேமரன் மலை பார்க்க வேண்டியதுதானா? ஏலகிரி போதாதா? (ஜோலார்பேட்டை வாசகி)

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றுபவர் என்றால் போகாதீர்கள், அங்கே வளைவுகளை எண்ணி முடியாது. தேயிலைத் தோட்டம் பார்க்காதவர் என்றால் போங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், இரவில் போர்வை கேட்கும். ஊட்டி பார்த்தவருக்கு ஒருநாள் போதும்.

பணம் எப்படிக் கொண்டு போவது? டாக்சியில் ஏமாற்றுவார்களாமே? (வாலாஜாபேட்டை வாசகர்)

ஒரு ரிங்கிட் ஏறத்தாழ இருபது ரூபாய் சொச்சம். இந்திய நோட்டாக 25,000 ரூபாய்க்கு மேல் நாட்டைவிட்டு எடுத்துப் போகக்கூடாது. உரிமம் பெற்ற இடத்தில் மாற்றி ரசீது வாங்குங்கள். விடுதியில் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல, வெளிநாட்டவர் எல்லாரும் கட்டுவது.

டாக்சியில் நானே ஏமாந்தேன். ஒரு நிலையத்தின் வாசலில் தமிழில் "வாங்கம்மா" என்றார் ஓட்டுநர். அந்த ஒரு சொல்லுக்காக மீட்டரைப் பார்க்காமல் ஏறினேன். ஐந்து கிலோமீட்டருக்கு அறுபது வெள்ளி. இப்போது கிராப் என்ற டாக்சி செயலியில் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும். சிப்பாங் விமான நிலையத்திலிருந்து நகருக்கு விரைவு ரயில் 28 நிமிடம், 55 ரிங்கிட். பஸ்ஸில் அதில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகாது, சுமார் ஒரு மணி நேரம் ஆகும். நான்கு பேர் குடும்பமாகப் போனால் ரயிலை விடக் கிராப் மலிவாகவே முடியலாம், கணக்குப் போட்டு ஏறுங்கள்.

என் பாட்டியின் அண்ணன் மலேயாத் தோட்டத்துக்குப் போனவர். திரும்பவில்லை. பழைய கடிதம் ஒன்று மட்டும் இருக்கிறது. பத்து நாள் பயணத்தில் அவர் வாரிசுகளைத் தேட முடியுமா? (ஆற்காடு வாசகி)

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ரப்பர் தோட்டங்களுக்குக் கண்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் நம் வட ஆற்காடும் முன்வரிசையில் இருந்தது. ஆவடி முகாமிலோ நாகப்பட்டினத்திலோ தங்கவைத்துக் கப்பலேற்றினார்கள். ரஜூலா என்ற கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. உங்கள் ஊரில் வயதானவர்களைக் கேட்டால் அந்தப் பெயர் நினைவிருக்கும். 1938-இல் இந்திய அரசு அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. எனவே உங்கள் பாட்டியின் அண்ணன் தொழிலாளியாகப் போனவரென்றால் பெரும்பாலும் அதற்கு முன்பே போயிருப்பார்.

கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. தோட்டம் இன்று இருக்காது. ரப்பர் போய்ச் செம்பனை வந்திருக்கும், அல்லது அடுக்குமாடி வந்திருக்கும். ஆனால் தோட்டத்தில் இருந்த தமிழ்ப் பள்ளி வேறிடத்துக்கு மாறினாலும் பழைய பெயரைப் பெரும்பாலும் விடுவதில்லை. 'லாடாங்' என்ற சொல்லோடு அந்தப் பெயர் வரும். லாடாங் என்றால் தோட்டம். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு எழுதுங்கள். அடுத்தது தோட்டத்து மாரியம்மன் கோயில். பழைய குடும்பங்கள் ஆண்டுத் திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் அங்கே கூடுவார்கள். நீங்கள் போகிற தேதியை அந்தத் திருவிழாவை ஒட்டி வைத்தால் ஒரே நாளில் நூறு பேரைக் கேட்கலாம். பெயரைத் தேடும்போது ஒன்று: அடையாள அட்டையில் ஆணுக்கு 'அனாக் லெலாகி', பெண்ணுக்கு 'அனாக் பெரெம்புவான்' என்று போட்டுத் தகப்பன் பெயர் எழுதுவார்கள். ஆகவே பாட்டியின் அண்ணன் பெயரை அவர் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் தேட வேண்டும்.

கடிதங்கள் 1942-க்குப் பிறகு நின்றிருந்தால் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை தோட்டத்துத் தமிழர்கள் பலரைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை.

கடிதத்தின் உறையைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் பாதியாவது தெரியும். வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். நாத்தனாருக்கு எழுத்துக்கூட்டுவதில் கெட்டிக்காரத்தனம் அதிகம், அடுத்த ஞாயிறு பேசும்போது காட்டுகிறேன்.